ஒரு சைஸ் பெரிய பெல்ட்

மாலை நான்கு நாற்பது. கவுண்டர் கண்ணாடியின் மேல் ஒரு பழைய பெல்ட் கிடந்தது. நான்கு வரி ஓடும் பெல்ட். வரிகளுக்குக் குறுக்கே வெடிப்பு, முதுகில் அழிந்துபோன எழுத்து. கழற்றிய சாமானை அப்படியே விட்டுவிட்டுப் போவது வாடிக்கையாளர்கள் வழக்கம். கழிவுப் பெட்டியில் போடலாம் என்று இரண்டு கையாலும் எடுத்தேன். எடுத்த வேகத்தில் கொஞ்சம் இழுபட்டது.

பெல்ட் இழுபடக் கூடாது. மறுபடி இழுத்துப் பார்த்தேன். பிறகு செருப்பைக் கழற்றி, வளையத்துக்குள் காலை வைத்து மிதித்துக்கொண்டு மேலே இழுத்தேன். ஒரு விரல் அகலத்துக்கு நீண்டது. விட்டதும் சுருங்கியது. அலமாரியிலிருந்து புதுப் பெல்ட் ஒன்றை எடுத்து அதையும் மிதித்து இழுத்தேன். கை வலித்ததே தவிர அது அசையவில்லை.

அதே மாதிரிப் பெல்ட் இன்னொன்றை மதியம் ஒருவருக்கு விற்றிருந்தேன். அது அப்போது ராயக்கோட்டை ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

ஓசூரில் ஒரே ஸ்பேர்ஸ் கடையின் கவுண்டரில் இருபத்தாறு வருடம் நின்றவள் நான். இப்போது அதே கவுண்டரில் நிற்கிற நீங்கள், நம்பர் அடித்தால் எந்த அடுக்கில் சாமான் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும் காலத்தில் வந்திருக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் நம்பர் அழிந்த சாமானோடு, ஒரிஜினல் வாங்க வசதியோ நேரமோ இல்லாமல் ஒருவர் வருவார். அவருக்குக் கம்ப்யூட்டர் பதில் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் அந்த டிசம்பர் மாதச் செவ்வாய்க்கிழமையை உங்களுக்கு எழுதுகிறேன்.

அவர் பெயர் மஞ்சுநாத். அத்திப்பள்ளிப் பக்கம். ஒரு தொழிற்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு, வெளிநாட்டுப் பெரிய பைக் இரண்டைப் பழையதாக வாங்கி, பெங்களூருவிலிருந்து வருகிறவர்களைச் சனி ஞாயிறுகளில் தளி, ஜவளகிரி, ஒகேனக்கல் என்று கூட்டிப்போய்க் காட்டும் தொழில் செய்தார். காலை பதினோரு மணிக்கு அந்தப் பெல்ட்டைக் கையில் தொங்கவிட்டபடி வந்தார்.

"இது சிகுத்தா மேடம்?" என்று, கிடைக்குமா என்று, கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறினார். "ஒரிஜினல் கேட்டா இருபது நாள் ஆகுமாம். வெலையும் மூணு மடங்கு. ஞாயித்துக்கிழம எனக்கு டூர் பார்ட்டி இருக்குது. இதுக்கு செட் ஆகற மாதிரி எதாச்சும் குடுங்க."

"என்ன வண்டிங்க?"

"ரெண்டு பக்கமும் சிலிண்டர் நீட்டிக்கிட்டு இருக்குமே, அது."

பக்கத்தில் கேபிள் வாங்க நின்ற ஆட்டோக்காரர் பெல்ட்டைப் பார்த்தார். "பைக்குக்குள்ள பெல்ட்டா? அது பைக்கா, மாவு மில்லா?"

"மாவு மில்லுதான்ண்ணா. அது ஓடினாத்தான் எங்க வீட்ல மாவு அரைக்கும்" என்றார் மஞ்சுநாத்.

அந்த வண்டியில் இன்ஜினுக்கு முன்னால் ஒரு மூடி இருக்கும். அதற்குள் இந்தப் பெல்ட் புல்லி என்னும் சக்கரங்களைச் சுற்றி ஓடி ஆல்டர்னேட்டரை ஓட்டும். ஆல்டர்னேட்டர் ஓடினால்தான் பேட்டரிக்குக் கரன்ட் ஏறும். பெல்ட் போய்விட்டால் வண்டி உடனே நிற்காது. பேட்டரியில் மிச்சம் இருப்பதைத் தின்றுகொண்டு நன்றாகவே ஓடும். அது தீர்ந்ததும் விளக்கும் இன்ஜினும் ஒன்றாக அணையும்.

செட் ஆகிற சாமானைத் தேடிக் கொடுப்பதில் எங்கள் கடைக்குப் பெயர் இருந்தது. உள்ளபடி சொன்னால் எனக்கு இருந்தது. லோடு ஆட்டோவின் ஆயில் சீலை வெளிநாட்டு ஸ்கூட்டருக்குப் பொருத்தியிருக்கிறேன். பாக்கிங் மெஷினின் பேரிங்கைப் பைக் சக்கரத்துக்குக் கொடுத்திருக்கிறேன், ஐந்து வருடம் ஓடியது. "சரளாக்காகிட்ட போ" என்று கிருஷ்ணகிரியிலிருந்துகூட ஆள் அனுப்புவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பெல்ட்டுக்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. அலமாரிச் சட்டத்தில் ஓர் ஆணி. பழைய பெல்ட்டையும் புதியதையும் அதில் ஒன்றாக மாட்டி, அடியில் கட்டைவிரலைக் கொடுத்துப் பிடிப்போம். இரண்டின் அடியும் ஒரே கோட்டில் நின்றால் ஒரே அளவு. டேப் எடுக்கிறவரைப் புது ஆள் என்று நினைப்போம். அன்றும் நான் டேப் எடுக்கவில்லை. நான்காவது பெட்டியில் ஒரு சின்னக் காரின் நான்கு வரிப் பெல்ட் கிடைத்தது, ஆணியில் மாட்டினேன். இரண்டின் அடியும் ஒட்டி நின்றன.

ஆட்டோக்காரர் கைதட்டினார்.

பின்தெருவில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் முனிராஜிடம்தான் அந்த வண்டி நின்றது. பன்னிரண்டரைக்கு முனிராஜ் அந்தப் பெல்ட்டோடு வந்தார்.

"ஏற மாட்டேங்குதுக்கா. நெம்பிப் பாத்தேன். நெம்புனா அறுந்துடும்."

"பழசு எப்படிக் கழட்டின?"

"வெட்டி எடுக்கலக்கா, புல்லிய சுத்தி நெம்பினா வந்துருச்சு. ஒரு சைஸ் பெரிசு இருந்தா குடுங்க."

ஆணியில் சரியாக நின்ற பெல்ட் வண்டியில் ஏன் ஏறவில்லை? இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. கவுண்டரில் ஏழு பேர் நின்றார்கள். மஞ்சுநாத் கைப்பேசியில் யாரிடமோ "ஆய்த்து, ஆய்த்து" என்று, முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சைஸ் பெரியதை எடுத்துக் கொடுத்தேன். அரை மணியில் முனிராஜ் கூப்பிட்டார். "சூப்பர்க்கா. கையாலயே ஏறிடுச்சு."

சந்தோஷமாக இருந்தது. நான்கு நாற்பது வரைக்கும்.

உதவிக்கு எனக்குத் தெரிந்த ஒரே ஆள் லலிதா. தொழிற்பேட்டையில் பெல்ட் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ். என்னைவிடப் பத்து வயது சின்னவள், பேருந்தில் பழக்கம். போனில் கூப்பிட்டபோது ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்திருந்தாள்.

"அக்கா, அந்த வண்டில பெல்ட்ட இழுத்துப் பிடிக்க ஸ்க்ரூவோ உருளையோ இருக்கா?"

முனிராஜை இன்னொரு போனில் பிடித்துக் கேட்டேன். "ஒண்ணும் இல்லக்கா. ஆல்டர்னேட்டர் போல்ட் போட்டு அப்படியே நிக்குது. நகராது."

லலிதாவிடம் சொன்னேன்.

"அப்ப அது இழுபடற பெல்ட்டு அக்கா. உள்ள இருக்கற நூலே வேற. சின்னதா செஞ்சு, இழுத்து ஏத்துவாங்க. அதுவே சுருங்கி இறுக்கிப் பிடிச்சுக்கும். நீங்க குடுத்தது சுருங்காது. கையால ஏறினா கையால எறங்கும்."

"எவ்ளோ நேரம் தாங்கும்?"

"அது நான் எப்படி சொல்றது. ஒரு வாரம் ஓடும். இல்ல, இன்னைக்கே போகும்."

மஞ்சுநாத் கிளம்பும்போது சொன்னது எனக்கு நினைவிருந்தது. மனைவி ரூபாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டையில் மாமனார் வீட்டுக்குப் போகிறார். வண்டிக்கு ஒரு ட்ரையல் ஆகிவிடும். ரூபாவுக்கு மறுநாள் காலை முதல் ஷிஃப்ட் என்பதால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். திரும்பும் வழி உத்தனப்பள்ளி, பிறகு சானமாவுக் காடு, பிறகு ஓசூர். டிசம்பரில் அந்தக் காட்டில் யானைகள் இருக்கும். சாயங்காலம் ரோட்டைக் கடக்கும். ஓடுகிற வண்டியில் இருப்பவர் நிதானித்துத் திரும்பிப் போகலாம். விளக்கும் இல்லாமல், இன்ஜினும் இல்லாமல், தள்ள முடியாத எடையுள்ள வண்டியோடு நிற்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மணி ஐந்து. மஞ்சுநாத்தைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். கெட்டவர் இல்லை. என் மகளின் காலேஜ் சீட்டுக்கு நான்கு இடம் அலைந்தவர்.

"ஏம்மா, கம்ப்ளைன்ட் வந்துச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"வரட்டும், பாத்துக்கலாம். நீயே கூப்ட்டு தப்புன்னு சொன்னா, நாளைக்கு நாம குடுத்த பெல்ட்டெல்லாம் திரும்பி வரும். பக்குவமா சொல்லு."

பக்குவமாகச் சொன்னேன். அதுதான் அன்று நான் செய்த இரண்டாவது தவறு. முதல் தவறைவிடப் பெரியது. வாட்ஸப்பில் எழுதினேன்: 'சார், பெல்ட் விஷயமாக ஒரு சின்ன செக்கிங். ஃப்ரீயா இருக்கும்போது கால் பண்ணுங்க.' எழுதும்போதே கை லேசாக இருந்தது. தகவல் சொல்லிவிட்டேன், என் மேல் குற்றமும் விழவில்லை. ஐந்து பத்துக்கு இரண்டு டிக்கும் நீலமானது. படித்துவிட்டார். இனி கூப்பிடுவார்.

கூப்பிடவில்லை. ஒருவர் ஸ்பார்க் பிளக் கேட்டார், பிரேக் ஷூ கொடுத்தேன். அவர் சிரித்தார். கிளட்ச் கேபிள் கேட்டவரிடம் இரண்டு முறை வண்டிப் பெயரைக் கேட்டேன். ஐந்து இருபது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன், நிமிர்த்தி வைத்தேன். ஐந்து முப்பது. வாசலில் வெயில் ஷட்டரின் மேல் பக்கத்துக்கு ஏறியிருந்தது. அந்த முப்பது நிமிடமும் நான் ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதாததற்கு முதலாளியைக் காரணம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் ஐந்தேகாலுக்கே டீ குடிக்கப் போய்விட்டார்.

ஐந்து முப்பத்தெட்டுக்கு எழுதினேன்: 'நான் தப்பான பெல்ட் கொடுத்துவிட்டேன். வண்டி நின்றுபோகும். காட்டுக்குள் போகாதீர்கள்.' ஒரே ஒரு டிக்தான் வந்தது. கூப்பிட்டால் மணி அடிக்கவில்லை. சிக்னல் இல்லாத ரோட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று புரிந்தது.

இந்த இடத்தில் நான் இன்னும் பத்துமுறை அவரையே கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன். பதற்றத்தில் கை தெரிந்த இடத்துக்கே போகும். ஷெட்டிலிருந்து ஓடிவந்த முனிராஜ்தான் கேட்டார். "அக்கா, அவர விடுங்க. வழியில யாரு இருக்கா?"

உத்தனப்பள்ளியில் கோவிந்தப்பா இருந்தார். ரோட்டோரம் பஞ்சர் கடை. மாதம் இருமுறை எங்களிடம் ட்யூபும் ஒட்டுப் பசையும் வாங்குவார். வாயாடி.

"கோவிந்தப்பா, ராயக்கோட்டைலருந்து ஒரு பைக் வரும். நிறுத்தணும்."

"நிறுத்தறதுக்கு நான் என்ன போலீசா? என்ன பைக்கு?"

"பெருசு. ரெண்டு பக்கமும் இன்ஜின் வயிறு மாதிரி புடைச்சிக்கிட்டு இருக்கும்."

"எங்க மாமா மாதிரி."

"வெளையாடாத. பின்னாடி ஒரு அம்மா உக்காந்திருக்கும். அந்த வண்டி சானமாவுக்குள்ள போனா நின்னுடும். நான் குடுத்த பெல்ட்டு தப்பு."

அவர் குரல் மாறியது. "போன வெச்சுடாதக்கா" என்றார்.

பிறகு இருபது நிமிடம் எனக்குக் கேட்டது ரோட்டுச் சத்தம் மட்டும். லாரி ஒன்று. தக்காளி வண்டி ஒன்று, அதன் ஹாரன். கோவிந்தப்பா யாரிடமோ "இன்னும் வரல" என்றார். முனிராஜ் என் கைப்பேசியோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றார். தெருவிளக்கு எரிந்தது. ஒருவேளை அவர் கடைக்கு வெளியே வருவதற்கு முன்பே வண்டி போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் முனிராஜும் அதையே சொல்வார்.

ஆறு ஐந்துக்குக் கோவிந்தப்பா கத்தினார். "ஓய், ஓய், நில்லுப்பா." டயரை ரோட்டில் உருட்டிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. பிரேக் சத்தம். கன்னடத்தில் கொஞ்சம் வசவு. பிறகு மஞ்சுநாத்தின் குரல்.

"என்ன மேடம் இது? ரோட்ல டயர உருட்டி ஆள நிறுத்தறாங்க. நீங்க ஃப்ரீயா இருக்கும்போது பண்ணுன்னுதான போட்டிருந்தீங்க. வீட்டுக்குப் போய்ப் பண்ணலாம்னு இருந்தேன்."

"நான் அப்படிப் போட்டது தப்பு. பெல்ட்டும் தப்பு. அது அந்த வண்டிக்கு நிக்காது. எப்ப வேணா கழண்டுடும். வண்டிய அங்கயே விட்டுட்டு பஸ்ல வாங்க."

"வண்டி நல்லாத்தான் ஓடுது."

"மீட்டர்ல ஏதாச்சும் சிவப்பு லைட் எரியுதா?"

"இது பழைய வண்டி மேடம். வாங்கினதிலேருந்து எதாச்சும் ஒண்ணு எரிஞ்சுட்டுத்தான் இருக்கு. இன்னும் இருபது கிலோமீட்டர். அரை மணி நேரம். வந்து உங்க கடைலயே நிறுத்தறேன், நீங்களே பாருங்க."

என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. காலால் மிதித்து இழுத்த பழைய பெல்ட்டும், வண்டியைப் பார்க்காத ஒரு பெண் போனில் சொன்னதும்தான் இருந்தன. நன்றாக ஓடுகிற வண்டியிலிருந்து ஒருவரை இருட்டும் நேரத்தில் முன்பின் தெரியாத ஊரில் இறங்கச் சொல்கிறேன். அவர் பார்த்த வரையில், காலையில் தெரிந்ததுபோலப் பேசிய அதே ஆள் மாலையில் மறுபடி தெரிந்ததுபோலப் பேசுகிறேன். ஏன் நம்ப வேண்டும்?

"நான் சொல்றது நடக்காமலும் போகலாம்" என்றேன். "வண்டி ஓசூர் வரைக்கும் ஓடினாலும் ஓடும். எனக்குத் தெரியல. தெரியாததாலதான் போகாதீங்கன்னு சொல்றேன்."

போன் கை மாறும் சத்தம். ஒரு பெண் குரல்.

"நான் ரூபா பேசறேன். பெல்ட்டு போனா லைட் எரியுமா, எரியாதா?"

"கொஞ்ச நேரம் எரியும். அப்பறம் எரியாது."

"இன்ஜின்?"

"அதுவும்தான்."

"சரி." பிறகு கணவரிடம் பேசினாள். போனை அவள் மூடவில்லை. "எனக்கு காலைல ஆறு மணிக்கு ஷிஃப்ட். நான் பஸ்ல போறேன். நீ உன் மாவு மில்ல ஓட்டிக்கிட்டு வா."

"ரூபா, ஏறு. பத்து நிமிஷத்துல காட்டத் தாண்டிடலாம்."

"நீ தாண்டு. பஸ் வருது பாரு."

பேருந்து வந்தது உண்மைதான். எனக்கே சத்தம் கேட்டது. அவள் ஏறிவிட்டாள். கோவிந்தப்பா சொன்னபடி, மஞ்சுநாத் பேருந்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார், சாவியைப் பிடுங்கிக் கோவிந்தப்பாவின் கையில் திணித்தார், நகர்ந்துகொண்டிருந்த பேருந்தில் ஓடி ஏறினார். ஹெல்மெட் தலையிலேயே இருந்தது.

எட்டேகாலுக்கு அவர் என்னைக் கூப்பிட்டார். கடை மூடும் நேரம். குரலில் கோபம் இருந்தது, நியாயம்தான். "பஸ் சானமாவுல நாப்பது நிமிஷம் நிறுத்திட்டாங்க மேடம். யான கிராஸிங்காம். உங்களாலதான் லேட்டு. ஞாயித்துக்கிழம பார்ட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது?" நான் மன்னிப்புக் கேட்டேன். ஒரிஜினல் பெல்ட்டை நானே விசாரித்து வரவழைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் ரத்தானது. அதற்குப் பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவில்லை.

முதலாளி ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த மாதம் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு டேப் மாட்டினேன், அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. செட் ஆகிற சாமான் கொடுப்பதை நான் நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்த வேண்டாம். ஒரிஜினலுக்குக் காத்திருக்க முடியாதவர்கள் நம்மிடம்தான் வருவார்கள். பொருந்தவில்லை என்று ஒரு சாமான் திரும்பி வந்தால், அடுத்த சைஸை எடுக்கும் முன் ஏன் என்று கேளுங்கள். வரிசையில் ஏழு பேர் நின்றாலும் கேளுங்கள். தப்பு உங்களுடையது என்றால் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். எப்படிச் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினால் நேரம் போய்விடும். எனக்கு முப்பத்தெட்டு நிமிடம் போனது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முனிராஜ் மொபெட்டில் உத்தனப்பள்ளிக்குப் போனார். கோவிந்தப்பாவிடம் சாவியை வாங்கி ஸ்டார்ட்டரை அழுத்தினார். டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது, பேட்டரி தீர்ந்திருந்தது. முன் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினார். பெல்ட் புல்லியில் இல்லை. மூடிக்குள் அடியில் கிடந்தது.